மீனுக்கு ஒரு ஸ்டாண்டு

இறைவன் அருளால்
ஜெருசலேம், நோவா வாரம், 8 அக்டோபர் 1975

அன்புள்ள ஹென்யா அக்காவுக்கும் நப்தலி அத்தானுக்கும்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல. அப்பாவுக்குக் கோபம் வழக்கத்தைவிடக் கூடுதல். காரணம் நான்தான். வேறு யார்?

நான்காவது வேதப் பள்ளியையும் விட்டுவிட்டேன். யாரும் துரத்தவில்லை, நானே வந்துவிட்டேன். ஒரு பக்கத்தை ஒரு வாரம் பேசுகிறார்கள் அக்கா. பேசட்டும், நல்ல பேச்சுதான். ஆனால் அரை மணி நேரத்தில் நான் மூன்று தடவை தண்ணீர் குடிக்க எழுந்து போகிறேன். கூடப் படித்தவன் கடைசியில் கேட்டேவிட்டான்: "டேய் கல்மன், உனக்கு உள்ள ஓட்டை கீட்டை இருக்கா? இவ்ளோ தண்ணி எங்கடா போகுது?"

இப்போது பெரெட்ஸ் முதலாளியின் மரப்பட்டறையில் இருக்கிறேன். ஜெபக்கூடங்களுக்குப் பெஞ்சும் புத்தக அலமாரியும் செய்கிற இடம். மூன்று வாரமாகக் கூட்டுகிறேன், பசை காய்ச்சுகிறேன், உப்புத்தாள் தேய்க்கிறேன். அப்பா ஒரு நாள் பட்டறை வாசலில் நின்று, உள்ளே வராமலே சொன்னார்:

"பஸ்கா பண்டிகைக்குள்ள ஒரே ஒரு வேலைய ஆரம்பிச்சு முடிச்சுக் காட்டு. நீயே செஞ்சதா இருக்கணும். வாங்கினவர் நல்லா இருக்குன்னு தன் கையால எழுதித் தரணும். இல்லன்னா ஹைஃபா மாமாவோட பொத்தான் கடை. பொத்தானுக்கு நாலு ஓட்டை. உன் மூளைக்கு அதுவே ஜாஸ்தி."

நல்லவேளை, இந்த வருஷம் நம் காலண்டரில் ஆதார் மாதம் இரண்டு தடவை வருகிறது. பஸ்கா ஒரு மாதம் தள்ளி ஏப்ரல் நடுவுக்குப் போகிறது. எனக்குச் சாதகமாக இருப்பது அது ஒன்றுதான்.

நான் செய்ய நினைப்பது ஸ்டாண்டு. நான்கு பள்ளிகளிலும் நான் உருப்படியாகக் கவனித்தது அதைத்தான். ஆறடி ஆளுக்கும் நாலரையடி ஆளுக்கும் ஒரே உயர ஸ்டாண்டு. அதில் புத்தகத்தை வைத்து நாள் முழுக்க நின்று படிக்கிறார்கள், ஜெபிக்கிறார்கள். ஒருவன் ஒட்டகம் மாதிரி குனிகிறான். இன்னொருவன் பக்கத்து வீட்டுச் சுவரை எட்டிப் பார்க்கிற மாதிரி நுனிக்காலில் நிற்கிறான். விளிம்பு முழங்கையை அறுக்கிறது. கேட்டால் "ஞானம்னா வலிக்கத்தான் செய்யும்" என்கிறார்கள். ஞானம் வலிக்கட்டும், முழங்கை ஏன் வலிக்க வேண்டும்?

இந்த வாரம் ஜெபக்கூடத்தில் வேதத்திலிருந்து படிக்கிற நோவாவுக்கு முதல் ஆர்டரே கப்பல். எனக்கு ஒரு ஸ்டாண்டு போதும். அங்கே ஒன்று வேண்டும் என்கிற ஆள் யாராவது இருக்கிறார்களா?

நீங்கள் இருவரும் நூற்றிருபது வயது வரை சுகமாக இருக்க வேண்டும்.

இன்னும் கூட்டிக்கொண்டே இருக்கிற உன் தம்பி,
கல்மன்

*

இறைவன் அருளால்
ஆண்ட்வெர்ப், சாராள் சிரித்த வாரம், 21 அக்டோபர் 1975

என் கண்ணான கல்மனுக்கு,

நாங்கள் இருவரும் நலம், கண் படாமல் இருக்கட்டும். உன் அத்தானுக்குச் சளி. வைரத்தைப் பார்க்கிற கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டே தும்மினார், கல் ஒன்று பறந்துபோய் மூன்று பேர் தரையில் தவழ்ந்து தேடினார்கள். கிடைத்துவிட்டது. நீ சாப்பிடுகிறாயா? பசை வாசனையில் பசிக்காதே.

உன்னைத் திட்டுவதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தேன். ஆனால் விஷயம் அதைவிட முக்கியம். உனக்கு ஒரு ஆர்டர் இருக்கிறது.

எங்கள் ஜெபக்கூடத்துக்கு வருகிற ஒருவர். தினமும் வீட்டில் சங்கீதப் புத்தகத்தை, வேதத்தில் இருக்கிற அந்தத் துதிப்பாட்டுகளை, படிக்கிற பழக்கம். வாரத்துக்குள் நூற்றைம்பதையும் முடித்துவிட வேண்டும் என்று ஒரு நேர்ச்சை. ஆனால் இப்போது முதுகு வலி. கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை, சும்மா நிற்கவும் முடியவில்லை. சாய்ந்து நிற்க ஏதாவது வேண்டும். உயரம் ஏறக்குறைய என் உயரம். வயிறு கொஞ்சம் முன்னால் வருகிறது. இன்னும் வரும் என்று டாக்டர் சொல்கிறார். ஸ்டாண்டு அதில் இடிக்கக் கூடாது. அதுதான் முக்கியம் கல்மன், எக்காரணம் கொண்டும் இடிக்கக் கூடாது.

பெயர் கேட்காதே. தன்னைப் பற்றி யாராவது பேசினாலே கண் பட்டுவிடும் என்று பயப்படுகிற ஆள். அப்பா அம்மாவிடம் ஆர்டர் வந்திருக்கிறது என்று மட்டும் சொல். மேற்கொண்டு மூச்சு விடாதே.

அம்மாவின் முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு.

என்றும் உன் அக்கா,
ஹென்யா

*

இறைவன் அருளால்
ஜெருசலேம், ஏசா கூழ் குடித்த வாரம், 5 நவம்பர் 1975

என் தங்கமான அக்காவுக்கு,

நான் சுகம். சுகம் என்ன, பறக்கிறேன். அத்தானின் சளி போயிருக்கும் என்று நம்புகிறேன்.

உன் ஆள் உயரம் உன் உயரமா? நீயே சந்தைக் கூடையை மாட்டினால் கூடை தரையில் இழுக்கும். குள்ளம், தொப்பை, முதுகு வலி. நேராகச் சொல் அக்கா, ஒரு பந்துக்கு ஸ்டாண்டு கேட்கிறாய். போகட்டும், என் முதல் வாடிக்கையாளர் எப்படி இருந்தாலும் அழகுதான்.

பெயர் சொல்ல மாட்டாய் என்பதால் நானே ஒன்று வைத்துவிட்டேன்: மீன். யோனாவை முழுசாக விழுங்கி, மூன்று நாள் வயிற்றில் உயிரோடு வைத்திருந்து வெளியே விட்ட மீன். இரண்டு மாதம் முன்பு உபவாச நாளில்தானே அந்தக் கதையைப் படித்தோம். உன் ஆள் வயிற்றுக்குள் தட்டிப் பார், யாராவது பதில் சொன்னாலும் சொல்வார்கள்.

அளவு வேண்டும். தொப்புள் உயரத்தில் வயிற்றைச் சுற்றி எத்தனை சென்டிமீட்டர்? முழங்கை தரையிலிருந்து எவ்வளவு? எந்தக் கையால் பக்கம் திருப்புவார்?

இங்கே அளவு பார்க்க ஒரு வயிறு கிடைத்துவிட்டது. சந்தையில் உப்புமீன் விற்கிற ஜுஷா அண்ணன். கேட்டதும் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார்.

"எதுக்குடா என் வயித்த அளக்குற?"

"ஒரு பெரிய மனுஷனுக்கு ஸ்டாண்டு செய்றேன் அண்ணே. அவருக்கும் உங்கள மாதிரி."

"என்ன மாதிரின்னா? கம்பீரமாவா?"

"ஆமா அண்ணே. முன்பக்கம் ரொம்பக் கம்பீரம்."

நாடா சுற்றி வரப் போதவில்லை. கயிறு கட்டினோம்.

மீனிடம் சொல், கூழைக் குறைக்கச் சொல். ஒரு கிண்ணம் கூழுக்கு மூத்த மகன் உரிமையையே விற்ற ஏசாவுக்கு என்ன ஆயிற்று என்று இந்த வாரம்தானே படிக்கிறோம்.

இருவரும் நல்லபடியாக இருங்கள்.

உன் தச்சன்,
கல்மன்

*

இறைவன் அருளால்
ஆண்ட்வெர்ப், விளக்குப் பண்டிகையின் நான்காம் நாள், 2 டிசம்பர் 1975

என் வாயாடித் தம்பிக்கு,

நலமாக இருக்கிறோம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னித்துவிடு. கொஞ்சம் சோர்வாக இருந்தது, வேறு ஒன்றுமில்லை. உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். 'தட்டிப் பார்' என்ற இடத்தில் அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். திரும்பியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சளி இன்னும் விடவில்லை போல.

அளவுகளைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். ஆனால் வயிற்று அளவைக் கல்லில் செதுக்கிவிடாதே. போன மாதத்தைவிட நான்கு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. பிப்ரவரிக்கு எவ்வளவு ஆகும் என்று யோசித்து இடம் விடு. தாராளமாக விடு.

இன்னும் சில: கீழே காலை மாற்றி மாற்றி வைக்க ஒரு கட்டை வேண்டும், கணுக்கால் வீங்குகிறது. பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டி, இரண்டு உப்புப் பிஸ்கட் வைக்கிற அளவுக்கு. வயிற்றைப் புரட்டும்போது உடனே வாயில் போட வேண்டும். மரத்துக்கு மீன்பசை போடாதே, அந்த வாசனை ஆகாது. இந்த வீட்டில் ஓய்வுநாளுக்குக்கூட மீன் சமைத்து இரண்டு மாதம் ஆகிறது.

கடைசியாக, ஆடி ஆடி ஜெபிக்கிற ஆள். ஸ்டாண்டு கல் மாதிரி விறைத்து நின்றால் முதுகில் அடிக்கிறது. கொஞ்சம் கூடவே அசைந்து கொடுக்க முடியுமா?

பண்டிகை விளக்கு ஜன்னல் திரையில் படாமல் பார்த்துக்கொண்டாய்தானே? மூன்று வருஷத்துக்கு முன் நீ எரித்த திரை இன்னும் அம்மாவுக்கு மறக்கவில்லை.

அன்புடன்,
ஹென்யா

*

இறைவன் அருளால்
ஜெருசலேம், எகிப்து வாரம், 24 டிசம்பர் 1975

அக்கா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் சுகமா?

ஒரு மாதத்தில் நான்கு சென்டிமீட்டர்! பெட்டி நிறையப் பிஸ்கட் வேறு! உன் ஆள் ஜெபிக்கிறாரா, மேய்கிறாரா? உன் வீட்டில் மீன் சமைக்காததற்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறாரா? அப்படியென்றால் சீக்கிரம் துரத்து, அத்தான் பாவம்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். அசைந்து கொடுக்க வேண்டும் என்றாய். நான் அடியில் வளைந்த கட்டை இரண்டு வைத்தேன். பெரெட்ஸ் முதலாளி சுற்றி வந்து பார்த்தார்.

"இது ஸ்டாண்டா, தொட்டிலாடா?"

"ஸ்டாண்டு முதலாளி. ஆடுற ஸ்டாண்டு."

"நான் ஒண்ணும் சொல்லல."

சந்தை ஜெபக்கூடத்துக்குத் தூக்கிப் போய் ஜுஷா அண்ணன் முன்னால் வைத்தேன். பிற்பகல் ஜெபம். அப்பாவும் வந்திருந்தார். மௌன ஜெபம் தொடங்கியது. ஜுஷா அண்ணன் இரண்டு காலையும் ஒட்டி வைத்து, கண்ணை மூடி, முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினார். ஸ்டாண்டும் ஆடியது. எவ்வளவு அழகு! அப்புறம்தான் பார்த்தேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அது இரண்டு விரல்கடை முன்னால் போகிறது.

அவர் வாயைத் திறந்து கூப்பிட முடியாது. காலை நகர்த்த முடியாது. முடிகிற வரைக்கும் அசையாமல் நிற்க வேண்டும். புத்தகமோ ஸ்டாண்டின் மேலே போய்க்கொண்டிருக்கிறது. அவர் சாய்கிறார். இன்னும் சாய்கிறார். கை நீளுகிறது. கடைசியில் சுண்டுவிரல் நுனி மட்டும்தான் விளிம்பில். "ம்ம்! ம்ம்ம்!" என்கிறார். நான் ஓடிப் பிடிக்கலாம் என்றால் நானும் ஜெபத்தில் நிற்கிறேன், என் காலும் ஒட்டியிருக்கிறது. ஸ்டாண்டு பெரெட்ஸ் முதலாளியின் முதுகில் முட்டியது. யாரோ தள்ளுகிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்க்காமலே முழங்கையால் ஒரு இடி கொடுத்தார். அது திசை மாறி, கை கழுவுகிற தொட்டி வரைக்கும் போய் நின்றது. அக்கா, நாற்பது பேர். யாரும் சிரிக்கக் கூடாது. நாற்பது முதுகும் குலுங்கியது.

ஜெபம் முடிந்து வழக்கப்படி மூன்று அடி பின்னால் வைத்த அடுத்த நொடி ஜுஷா அண்ணன் கத்தினார்:

"எகிப்துலேர்ந்து பாலைவனத்தக் கடக்க நம்ம ஆளுங்களுக்கு நாப்பது வருஷம் ஆச்சு! இது பத்து நிமிஷத்துல நடந்து போயிருச்சேடா!"

எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் போய் ஸ்டாண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"செஞ்சவன மாதிரியேதான் இருக்கு. ஒரு எடத்துல நிக்காது."

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார்.

மீனிடம் வேறு தச்சனைப் பார்க்கச் சொல். நான் பொத்தான் கடைக்கே போகிறேன்.

கல்மன்

*

இறைவன் அருளால்
ஆண்ட்வெர்ப், 4 ஜனவரி 1976

என் அருமைத் தம்பிக்கு,

நலம்தான், இன்னும் சிரித்து முடியவில்லை. உன் கடிதம் வந்த அன்று படிக்கட்டில் நின்றே படித்தேன். சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அத்தான் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். "என்னாச்சு? என்னாச்சு? டாக்டரக் கூப்பிடவா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். கடிதத்தை நீட்டினேன். அவரும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பொத்தான் கடைக்குப் போனால் இனி உனக்குக் கடிதம் கிடையாது. இதைக் கேள்.

பெண்கள் மாடத்திலிருந்து நாங்கள் உங்களை எல்லாம் மேலிருந்து பார்க்கிறோம். உங்களுக்கு முன்னால் நிற்கிறவரின் முதுகு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு மொத்தக் கூட்டமும் தெரியும். ஏழு வருஷமாக நான் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன ஓய்வுநாள் உன் ஸ்டாண்டை நினைத்துக்கொண்டே பார்த்தேன். கல்மன், மௌன ஜெபத்தில் யாருடைய காலும் ஆடுவதில்லை. ஒட்டி, அசையாமல் நிற்கிறது. இடுப்புக்கு மேலேதான் ஆடுகிறது. நீ ஸ்டாண்டின் காலை ஆடவிட்டாய், மேலே விறைப்பாக வைத்தாய். தலைகீழ். ஜெபிக்கிற ஆள் எப்படி நிற்கிறாரோ ஸ்டாண்டும் அப்படியே நிற்கட்டும்.

மார்ச் நடுவில் வருகிற பூரிம் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னாலாவது இங்கே வந்துவிட வேண்டும். அதற்கப்புறம் அந்த ஆளால் நிற்க முடியாது. அவசரம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். உன்னிடம்தான் கேட்க முடியும்.

அப்பா சொன்னதை மனதில் வைக்காதே. அவரும் இருபது வயதில் மூன்று ஊர் மாறியவர்தான். அம்மா சொல்லியிருக்கிறாள்.

உன் அக்கா,
ஹென்யா

*

இறைவன் அருளால்
ஜெருசலேம், பரிசுத்தக் கூடாரத்துக்கு அளவு சொல்லும் வாரம், 4 பிப்ரவரி 1976

மாடத்திலிருந்து எல்லாம் பார்க்கிற என் அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால்கூடச் சுகம். நீ சொன்ன உப்பு ஒத்தடம்.

நிற்கிறது! அக்கா, நிற்கிறது!

காலை அகலமாக வைத்து, அடியில் கனமான ஓக் கட்டை கொடுத்தேன். மேல்பலகைக்கும் தூணுக்கும் நடுவில் பழைய பஸ் டயரில் வெட்டிய ரப்பர் துண்டு நான்கு. கைவைத்து அழுத்தினால் மேலே ஒரு விரல்கடை தாழ்ந்து திரும்பி வருகிறது. கீழே அசைவே இல்லை. முழங்கை வைக்கிற இடத்தில் விளிம்பை இழைத்து இழைத்து உருட்டி, மெத்தைத் துணி வைத்துத் தோல் அடித்திருக்கிறேன். பாரமெல்லாம் கையில் இறங்கிவிடும், முதுகுக்கு ஒன்றும் இல்லை. முன்பக்கம் வயிற்றுக்கு ஒரு வளைவு. பௌர்ணமி நிலாவைக் கடித்து எடுத்த மாதிரி. நீ தாராளமாக என்றாய், ஜுஷா அண்ணனுக்கே இரண்டு விரல் மிச்சம் இருக்கிறது.

மறுபடியும் அதே ஜெபக்கூடம். இந்தத் தடவை ஐம்பது பேர், பாதிப் பேர் வேடிக்கை பார்க்கவே வந்தவர்கள். ஜுஷா அண்ணன் ஆடினார், ஆடினார், வியர்க்கிற வரைக்கும் ஆடினார். நகரவில்லை. முடிந்ததும் ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இத எடுத்துட்டுப் போனா என் பொணத்து மேலதான் போகணும்."

"அண்ணே, இது ஆர்டர் பண்ணினவருக்கு."

"அந்தக் குண்டனுக்கு வேற செஞ்சு குடு!"

கண்ணாடி பார்க்கச் சொன்னேன். கேட்கவில்லை. அதனால் மீனுக்கு இன்னொன்று செய்தேன், முன்னதைவிட நன்றாகவே வந்துவிட்டது. பிரித்து மடக்கிச் சாக்கில் கட்டியிருக்கிறேன். அடுத்த திங்கள்கிழமை ஆண்ட்வெர்ப் திரும்புகிற வைர வியாபாரி ஒருவர் கொண்டுவருகிறார். பிஸ்கட் பெட்டிக்குள் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், மீனுக்கு: 'ஒரு சங்கீதத்துக்கு ஒரு பிஸ்கட். அதற்கு மேல் கிடையாது.'

இப்போது உன் வேலை. மீன் தன் கையால் 'நன்றாக இருக்கிறது' என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அப்பாவிடம் இது நடந்ததாகவே கணக்கு இல்லை. பெயர் வேண்டாம். மீன் என்றே கையெழுத்துப் போடட்டும்.

உடனே எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

நிற்கிற ஸ்டாண்டின் தச்சன்,
கல்மன்

*

ஜெருசலேம், 3 மார்ச் 1976

அக்கா,

சுகமா? நான்கு வாரம் ஆயிற்று. வந்ததா? உடைந்ததா? பிடிக்கவில்லையா? அப்பா ஒவ்வோர் ஓய்வுநாளும் சாப்பிட்டு முடித்ததும் என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்கிறார்: "தபால்?" ஹைஃபா மாமா எனக்கு ஒரு பொத்தான் அட்டை அனுப்பியிருக்கிறார். மாதிரிக்காம்.

என்ன குறையானாலும் எழுது. திருத்தித் தருகிறேன். பேசாமல் மட்டும் இருக்காதே.

கல்மன்

*

இறைவன் அருளால்
ஆண்ட்வெர்ப், 12 மார்ச் 1976

அன்புள்ள மைத்துனர் கல்மனுக்கு,

நலம். உங்கள் நலம் பெரிதும் விரும்புகிறேன். ஹென்யா எழுதச் சொன்னாள். அவளுக்கு இப்போது எழுத நேரமில்லை. ஸ்டாண்டு வந்தது. மிகவும் நன்று. சம்பந்தப்பட்ட நபர் மூன்று வாரம் தினமும் பயன்படுத்தினார். இப்போது படுத்திருக்கிறார். எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது ஸ்டாண்டின் தவறு அல்ல. யாருடைய தவறும் அல்ல. அவர் நன்றாகச் சாப்பிடுகிறார். நானும் சாப்பிடுகிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை. தயவுசெய்து எங்களுக்காகச் சங்கீதம் படியுங்கள்.

நப்தலி

*

இறைவன் அருளால்
ஜெருசலேம், 25 மார்ச் 1976

அக்கா! அக்கா! அக்கா!

நேற்றுத் தந்தி வந்தது! 'பெண் குழந்தை. இருவரும் நலம்.' அம்மா தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு தபால்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டாள், அப்புறம் வெட்கப்பட்டுச் சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அப்பா தந்தியை எட்டுத் தடவை படித்தார். மொத்தம் நான்கு வார்த்தைதான், அதில் என்ன இருக்கிறது என்று எட்டுத் தடவை? நான் ஜெபக்கூடத்தில் மேசை மேல் ஏறி ஆடினேன். ஜுஷா அண்ணன் ஒரு பீப்பாய் உப்புமீனைத் திறந்து எல்லாருக்கும் சும்மா கொடுத்தார். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே! ஏழு வருஷம் கழித்து! என் அழுத்தக்கார அக்கா!

இந்த நேரத்தில் கேட்பது தப்புதான். ஆனால் அத்தான் எழுதிய கார்டைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மீன் எப்படி இருக்கிறார்? என் ஸ்டாண்டிலிருந்து விழுந்துவிட்டாரா? கால் கட்டை வழுக்கியதா? எழுந்துவிட்டாரா? உண்மையைச் சொல். எழுதித் தராவிட்டாலும் பரவாயில்லை, ஆள் பிழைத்தால் போதும். நான் தினமும் அவருக்காகச் சங்கீதம் படிக்கிறேன். நின்றுகொண்டே. தண்ணீர் குடிக்கக்கூடப் போகாமல்.

குழந்தைக்கு என் முத்தம்.

மாமா ஆகிவிட்ட,
கல்மன்

*

இறைவன் அருளால்
ஆண்ட்வெர்ப், 'பிள்ளை பெற்றவள்' வாரம், 1 ஏப்ரல் 1976

என் செல்ல முட்டாளுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். மூன்று என்று எழுதிப் பார்க்கத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன்.

இன்று காலை உன் கடிதம் வந்தது. அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "இன்னுமா அவனுக்குப் புரியல?" என்றார். "ஸ்டாண்டுன்னா ஆம்பளைதான்னு அவன் முடிவு பண்ணிட்டான். தொப்பைன்னதும் சாப்பாடுதான்னு முடிவு பண்ணிட்டான்" என்றேன். கல்மன், கொஞ்சம் உட்கார். ஜெருசலேமில் இருக்கிற நீ அனுப்பிய ஸ்டாண்டில் நின்ற, என் உயரமே இருக்கிற, மீன் வாசனை ஆகாத, மாதம் நான்கு சென்டிமீட்டர் பெருத்த ஆள் யார்?

மன்னித்துவிடு. முன்னால் இரண்டு தடவை எல்லாருக்கும் சொன்னோம். இரண்டு தடவையும், பிள்ளை தங்கவில்லை என்று எல்லாருக்கும் திரும்பச் சொல்ல வேண்டி வந்தது. அதைவிடக் கஷ்டமான கடிதம் உலகத்தில் கிடையாது. இந்தத் தடவை யாருக்கும் எழுதக் கூடாது என்று முடிவு செய்தோம். வீட்டில் ஒரு சட்டை வாங்கவில்லை, ஒரு துண்டுத் துணி மடித்து வைக்கவில்லை. பிறக்காத பிள்ளைக்கு எதுவும் செய்து வைக்கக் கூடாதே. ஆனாலும் ஏதோ ஒன்றைச் செய்துவைக்க மனம் அடித்துக்கொண்டது. அப்போதுதான் உன் கடிதம் வந்தது. ஸ்டாண்டு எனக்குத்தானே, பிள்ளைக்கு இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் அதில் சாய்ந்து நின்றேன். முதுகு ஒரு தடவைகூட வலிக்கவில்லை. உள்ளே இருந்தவள் உதைத்தால் வளைவில் காற்றைத்தான் உதைப்பாள், மரத்தை அல்ல. அப்புறம் டாக்டர் படுக்கச் சொல்லிவிட்டார். எழுத உட்கார்ந்தால் பொய் எழுத வேண்டும், இல்லை உண்மை எழுத வேண்டும். இரண்டுக்கும் பயமாக இருந்தது. உன்னைக் காக்க வைத்ததுதான் எனக்கு மிகவும் வலித்தது.

போன ஓய்வுநாள் அத்தான் வேதச் சுருளுக்கு முன்னால் நின்று பெயர் சொன்னார். 'யோனா.' ஆணுக்கும் வைக்கிறோம், பெண்ணுக்கும் வைக்கிறோம், ஆனால் எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் அந்தப் பெயர் இல்லை. எல்லாரும் கேட்கிறார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறோம். தட்டிப் பார், யாராவது பதில் சொல்வார்கள் என்றாய். அன்று மாலையே அத்தான் தட்டினார். பதில் வந்தது. முதல் உதை அதுதான்.

இப்போது அவளைத் துணியில் மார்போடு கட்டிக்கொண்டு ஸ்டாண்டில் நிற்கிறேன். வளைவு அவளுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. நான் ஆடினால் தூங்கிவிடுகிறாள். நிறுத்தினால் விழிக்கிறாள். நூற்றைம்பது சங்கீதம் போதவில்லை.

அப்பாவுக்கு ஒரு கடிதம் தனியாக வைத்திருக்கிறேன். நிபந்தனைப்படி.

உன் வாடிக்கையாளர்,
ஹென்யா

பின்குறிப்பு: நீ எழுதிய கடிதங்களை எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். 'ஜெபிக்கிறாரா, மேய்கிறாரா' உட்பட. அவள் படிக்கக் கற்றதும் முதலில் அதைத்தான் கொடுப்பேன்.

*

இறைவன் அருளால்
ஜெருசலேம், பஸ்காவுக்கு மூன்று நாள் முன், 11 ஏப்ரல் 1976

மீனுக்கும், மீன் வெளியே விட்ட யோனாவுக்கும், பொய் எழுதத் தெரியாத அத்தானுக்கும்,

நாங்கள் சுகம். நான் இரண்டு நாள் அலமாரிக்குள் ஒளிந்திருந்தேன், அது தவிர.

அந்தக் கடிதங்களை எரித்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன். பந்து என்றேன். ஏசா என்றேன். ஒரு சங்கீதத்துக்கு ஒரு பிஸ்கட் என்று சீட்டு வேறு! ஜுஷா அண்ணனிடம் சொன்னேன். மனுஷன் தன் வயிற்றைத் தடவிக்கொண்டே, "நாலு மாசமா ஒரு கர்ப்பிணிக்கு நான் மாதிரியா நின்னிருக்கேன்?" என்றார். "ஆமா அண்ணே." "எத்தனாவது மாசம்?" "உங்க அளவுக்குப் பதினாலாவது மாசம் அண்ணே." உப்புமீன் ஒன்று என் தலைக்கு மேலே பறந்து போயிற்று.

இப்போது யார் ஸ்டாண்டு கேட்டு வந்தாலும் முதலில் நேராகக் கேட்டுவிடுகிறேன்: "உங்களுக்கா, வேற யாருக்காவதா? தொப்பையா, குழந்தையா?" பஸ்காவுக்கு அப்புறம் செய்ய ஆறு பேர் சொல்லியிருக்கிறார்கள். அதில் இருவர் பெண்கள். பெரெட்ஸ் முதலாளி விளக்குமாற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தை ஜெபக்கூடத்தில்தான் கொடுத்தேன், பிற்பகல் ஜெபம் முடிந்ததும். வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் பக்கம் போனார். அங்கே ஜுஷா அண்ணனின் ஸ்டாண்டு இருந்தது. கடிதத்தை அதில் விரித்து, முழங்கையை ஊன்றிப் படித்தார். நீ என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது, அவர் காட்டவில்லை. முதலில் உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் வேதம் படிக்கும்போது ஆடுகிற மாதிரி முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினார். கடிதத்துக்கு யார் அக்கா ஆடுவார்கள்? ஆடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். மறுபடி ஆடினார். ஜுஷா அண்ணனும் பெரெட்ஸ் முதலாளியும் நானும் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து ஸ்டாண்டின் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

படித்து முடித்துக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். குனிந்து தரையைப் பார்த்தார். கால் இருந்த இடத்தில் கால் இருந்தது. மேல்பலகையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"நிக்குது" என்றார்.

என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

யோனாவுக்கு முத்தங்கள். எல்லாரும் நூற்றிருபது வயது வரை.

உன் தம்பி,
கல்மன்